வடக்கே பார்த்து உட்கார்ந்த பூனை

பச்சைமலை அடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஓட்டுக் கட்டிடங்கள், ஒரு கிணறு, ஒரு சமையல்கட்டு, தியானத்துக்கு ஒரு கூடம். சொத்து அவ்வளவுதான். சேர்க்காமல் விட்டால் கோபித்துக்கொள்ளும் என்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: கோமளம் என்று ஒரு பூனை.

மடத்தை நடத்துபவர் அகிலாண்டம்மா. வயது ஐம்பதுகூட ஆகவில்லை. சீடர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை அம்மா என்பார்கள், அவர் அவர்களை அண்ணே, அக்கா என்பார். புதிதாக வருபவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று பிடிபடச் சற்று நேரமாகும். அம்மா பேசினால் அரை வாக்கியம். மீதி அரையை நாமே வீட்டுக்கு எடுத்துப்போய் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சீடர்களில் ஒருவர் மாசிலாமணி. பஸ் டிப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். தன் கைக்கு வந்த எந்த வண்டியும் ஓடாமல் போனதில்லை என்று அவரே சொல்வார். பிள்ளைகளைக் கரையேற்றியாயிற்று, இனி மனசை ரிப்பேர் பார்க்கலாம் என்று மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் தத்துவமாகத் தெரியும். மாசிலாமணிக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது. குழாய் சொட்டினால் வாஷரை மாற்றிப் பழகிய மனிதர், மடத்துக் குழாய் சொட்டுவதைப் பார்த்துக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். வாஷரைப் பிறகு சமையல்காரப் பவுனம்மாதான் மாற்றினாள்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் அம்மா ஒரு பழைய வழக்கத்தைச் சொன்னார். அந்தக் காலத்து ராஜாக்களில் சிலர், வாழ்ந்தது போதும் என்று தோன்றினால் வடக்கே பார்த்து உட்கார்ந்து சோறு தண்ணீரை விட்டு உயிரை விடுவார்களாம். அதற்கு வடக்கிருத்தல் என்று பெயராம். மாசிலாமணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுநாள் அம்மா ஒரு வேலையாகக் கோயம்புத்தூர் கிளம்பிப் போனார்.

அதற்கப்புறம்தான் கோமளம் சாப்பிடுவதை நிறுத்தியது.

கோமளத்துக்குப் பதினைந்து வயதாவது இருக்கும். மடத்தில் எல்லோருக்கும் சீனியர். தியானக் கூடத்தின் நடுவில் படுத்துக் குறட்டை விடும் உரிமை அதற்கு மட்டும் உண்டு. அப்படிப்பட்ட பூனை தயிர்சாதத்தைத் திரும்பிப் பார்க்காமல், சமையல்கட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கால்களை மடக்கிப்போட்டு உட்கார்ந்துவிட்டது. முகம் மலையைப் பார்த்திருந்தது. மலை இருப்பது வடக்கே.

மாசிலாமணி பார்த்தார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

"பவுனம்மா, இங்க வா. வடக்க பாத்து உக்காந்திருக்கு பாத்தியா?"

"அங்கதான் நிழலு இருக்குங்க."

"நிழலா! வாழ்ந்தது போதும்னு உக்காந்திருக்கு. அம்மா அன்னைக்குச் சொன்னப்ப கூடத்துலதான படுத்திருந்துச்சு? எல்லாத்தையும் கேட்டிருக்கு."

பவுனம்மா யோசித்தாள். "ராஜா தண்ணியையும் விட்டாருன்னு அம்மா சொன்னாங்களே. இது தொட்டியையே காலி பண்ணுதே."

"பூனைக்குச் சலுகை உண்டு" என்றார் மாசிலாமணி.

சாதத் தட்டு பக்கத்தில் இருந்தால் விரதத்துக்கு இடைஞ்சல் என்று அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். கோமளத்தின் முன்னால் நாலு செவ்வந்திப் பூவை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை துறையூரிலிருந்து வந்த குடும்பங்கள் விஷயத்தைக் கேள்விப்பட்டுத் தொட்டியடிக்கு வந்து கும்பிட்டன. ஒரு அம்மாள் பூனையின் நெற்றியில் விபூதி பூசினாள். கோமளம் அரைக்கண்ணால் பார்த்தது. வாயோரத்தில் எச்சில் வழிந்தது. அதையும் சமாதி நிலை என்று விளக்கம் சொன்னார் மாசிலாமணி.

அம்மா ஊரிலிருந்து திரும்பியது அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். தோளில் பையோடு வந்தவர் கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"என்னண்ணே இது?"

"கோமளம் வடக்கிருக்கும்மா. எல்லாம் உங்க பேச்சைக் கேட்ட பலன்." மாசிலாமணி கையைக் கூப்பிக்கொண்டே சொன்னார்.

அம்மா பையை இறக்கினார். தொட்டியடியில் உட்கார்ந்து, விபூதியைத் துடைத்துவிட்டு, கட்டை விரலால் கோமளத்தின் வாயைத் திறந்தார்.

"இங்க வாங்க. மோந்து பாருங்க."

மாசிலாமணி குனிந்தார். பஸ் ஸ்டாண்டு மூத்திரக் கொட்டகை நாற்றம் மூக்கில் ஏறியது. தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இப்ப உள்ள பாருங்க."

ஈறிலும் நாக்கு ஓரத்திலும் சிவப்புச் சிவப்பாகப் புண்.

"பவுனு, கொஞ்சம் தயிர் கொண்டா."

கரண்டியைக் கண்டதும் கோமளம் எழுந்தது. தள்ளாடிக்கொண்டு வந்து தயிரை நக்கியது. நக்கியதும் வீல் என்று கத்திப் பின்னால் போய் முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டது. பிறகு மறுபடி கரண்டியைப் பார்த்தது. கிட்டே வரப் பயம், விட்டுப் போகவும் மனசில்லை.

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

"விரதம்னு யாருண்ணே சொன்னது, கோமளமா?"

"நான்தாம்மா."

"தட்டை எடுத்தது?"

"அதும் நான்தான்."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று மாசிலாமணிக்கு இருந்தது. பசியோடு இருந்த ஜீவனுக்கு முன்னால் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் பூ வைத்திருக்கிறார். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

"வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார் அம்மா.

"பானெட்டைத் திறந்து பாப்பேன்."

"கூடை ஒண்ணு எடுத்துட்டு வாங்க. திருச்சிக்குப் போகணும்."

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த ஒரு சின்ன மருத்துவமனையில் டாக்டர் ரெஜினா ரத்தம் எடுத்துப் பார்த்தார். வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"கிட்னி ரெண்டும் ரொம்ப நாளாவே கெட்டுக்கிட்டு வந்திருக்கு சார். கழிவு உடம்புலயே தங்குது. அதான் வாயில புண்ணு, குமட்டல். தண்ணியா குடிச்சிருக்குமே?"

"தொட்டியைக் காலி பண்ணுச்சு" என்றார் மாசிலாமணி மெதுவாக.

"குடிக்கிறதெல்லாம் அப்படியே வெளிய போயிடும். உடம்புல நிக்காது."

"கிட்னிங்கறது ஃபில்டர்தானங்க? கழுவ முடியாதா? புதுசு மாத்த முடியாதா?"

"ஃபில்டர்தான். ஆனா போன பாகம் போனதுதான். மிச்சம் இருக்கிறதை வெச்சு ஓட்டணும். தோலுக்கடியில டிரிப்ஸ் ஏத்தணும், தினமும். கிட்னிக்குன்னு தனிச் சாப்பாடு இருக்கு. வாய்ப்புண்ணுக்கும் குமட்டலுக்கும் மருந்து. பால், தயிர் வேண்டாம். ஒழுங்காப் பாத்துக்கிட்டா நல்ல மாசங்கள் கிடைக்கும். சில பூனைங்க வருஷக்கணக்காகூட இருக்கும்."

"குணமாயிடுமில்ல?"

"ஆகாது சார். நல்லா இருக்கும். குணமாகாது."

மாசிலாமணி எல்லாவற்றையும் கேட்டார், அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

"சரி பண்ணிடலாம்" என்றார்.

கோமளம் சில நாள் அங்கேயே தங்கி, குமட்டல் அடங்கி, வாய்ப்புண் கொஞ்சம் ஆறி மடத்துக்குத் திரும்பியது. அதற்குள் மாசிலாமணி ஊசி போடக் கற்றுக்கொண்டிருந்தார். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, ஊசியை உள்ளே நுழைத்து, குழாயைத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் இறங்கி முதுகில் ஒரு திமில் எழும்பும். போகப்போக வற்றிவிடும். டிப்போவில் பார்க்காத வேலையா என்றுதான் நினைத்தார்.

முதல் சிக்கல் சமையல்கட்டில் வந்தது. கிட்னிச் சாப்பாடு டப்பாவில் இருந்தது கோழிக் கறி. மடத்துச் சமையல்கட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. மாசிலாமணி டப்பாவைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு அம்மாவிடம் போனார்.

"இது எப்படிம்மா இங்க? நம்ம நோன்பு என்னாகும்?"

"அவ எப்பண்ணே நம்ம நோன்பு எடுத்துக்கிட்டா? எலி தின்னுட்டு வந்து கூடத்துல படுத்தப்ப ஏன்னு யாராவது கேட்டோமா?"

டப்பாவுக்குத் தனியாக ஒரு அலமாரித் தட்டு ஒதுக்கப்பட்டது. பவுனம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அதைச் சூடு பண்ணிக் கொடுத்தாள்.

அடுத்த சிக்கல் மாசிலாமணிதான். சமையல்கட்டின் பின்வாசல் பெஞ்சில் கோமளத்தை வைத்து, மேலே ஆணியில் பையை மாட்டினார். ஊசி உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தது. தண்ணீர் பூனைக்குள் போகாமல் பூனை மேல் போனது. அடுத்த தடவை சரியாகத்தான் குத்தினார். தண்ணீர் இறங்கிய வேகத்தில் கோமளம் துள்ளி அவர் கையைக் கடித்துவிட்டு ஓடியது. அதற்கடுத்த நாளும் அதே கதை.

"இடம் சரிதாம்மா, ஊசி சரிதான், பிடி சரிதான். தண்ணி உள்ள இறங்குனதும் துள்ளுது. ஏன்னு தெரியல."

"காலைல தியானத்துக்கு வருவீங்கள்ல, அப்பப் பாப்போம்" என்றார் அம்மா.

மார்கழி மாதம். பனி கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மாசிலாமணி குளித்துத் துவட்டி, சட்டையில்லாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார். மனசு அப்போதுதான் அடங்கி வந்தது. அம்மா பின்னால் வந்து துண்டை விலக்கி, ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரை அவர் முதுகில் ஊற்றினார்.

"ஐயோ!" என்று மாசிலாமணி துள்ளி எழுந்தார். கூடத்தில் கண்ணை மூடியிருந்த அத்தனை பேரும் விழித்துக்கொண்டார்கள்.

"இடம் சரிதான? சொம்பும் சரிதான?" என்று கேட்டுவிட்டு அம்மா போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் மாசிலாமணி டிரிப்ஸ் பையை வெந்நீரில் போட்டு, தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, கதகதப்பு வந்த பிறகு ஏற்றினார். கோமளம் முறைத்ததே தவிரத் துள்ளவில்லை.

ஆனால் புதுத் தொல்லை ஒன்று முளைத்தது. மாசிலாமணியின் செருப்புச் சத்தம் கேட்டாலே கோமளம் ஓடி ஒளிய ஆரம்பித்தது. விறகுக்குப் பின்னால், அரிசி மூட்டை இடுக்கில், ஒரு நாள் ஓட்டு மேல். மாசிலாமணி விடவில்லை. ஏணி போட்டு ஏறினார், ஊர்ந்து போனார், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். வேளை தவறாமல் பிடித்தார், போட்டார். வேலை நடந்தது. ஆனால் பூனை இளைத்துக்கொண்டே வந்தது. அவர் வைத்தால் சாப்பாட்டைத் தொடவேயில்லை.

"நல்லதுக்குத்தானம்மா செய்யறேன்" என்று அம்மாவிடம் பொருமினார். "பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி ஓடுனதில்ல. என்னைக் கண்டா எமனைக் கண்ட மாதிரி ஒளியுது. ஏம்மா?"

"அண்ணே, கிணத்து மோட்டாரு கத்துது, கொஞ்சம் பாருங்க" என்றார் அம்மா.

மாசிலாமணி போய்ப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தால் அம்மா எதிரே நின்றார். "அண்ணே, அந்த விறகைக் கொஞ்சம் உள்ள அடுக்கிடுங்க." அடுக்கிவிட்டு நிமிர்ந்தால் அம்மா. "அண்ணே, கூடத்து ஃபேனைக் கழட்டித் தொடைக்கணும்." மறுநாளும் இப்படியே. சாப்பிட உட்கார்ந்தால் வருவார், துணி காயப்போட்டால் வருவார். ஒரு நலம் விசாரிப்பு கிடையாது, ஒரு சிரிப்பு கிடையாது. வருவார், வேலை சொல்வார், போவார். மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தார்.

மூன்றாம் நாள் அம்மா தூரத்தில் வருவதைப் பார்த்தார். தன்னை அறியாமல் கால் நகர்ந்தது. விறகுக் குவியலுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தது. கோமளம்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா விறகை எட்டிப் பார்த்தார். "ஏண்ணே ஒளியுறீங்க? மடத்து நல்லதுக்குத்தான சொல்றேன்?"

மாசிலாமணி கோமளத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"இன்னைக்கு வேலை ஒண்ணுமில்ல" என்றார் அம்மா. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." அவரும் விறகு மேல் உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் சற்று நேரம் வெயில் காய்ந்தார்கள்.

அன்றிலிருந்து மாசிலாமணி வெறுங்கையோடு கோமளத்திடம் போகத் தொடங்கினார். போவார், கொஞ்சம் தள்ளி உட்கார்வார். பிடிக்கமாட்டார், தூக்கமாட்டார், மருந்தைப் பற்றி மூச்சு விடமாட்டார். டிப்போக் கதைகள் சொல்வார். பிரேக் பிடிக்காத வண்டியைக் கொல்லிமலை வளைவில் இறக்கிய கதையைக் கோமளம் பலமுறை கேட்டிருக்கும். முதலில் காதை மட்டும் திருப்பியது. பிறகு இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு ஒரு நாள் வந்து அவர் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்தது. மாசிலாமணிக்குக் கால் மரத்துப்போயிற்று. அசைக்கவில்லை.

டிரிப்ஸ் நேரம் நாளில் ஒரு சின்னப் பகுதியாகிப் போனது. டப்பாக் கறியை விரல் நுனியில் எடுத்து ஊட்டினார். நக்கியது. பிறகு தட்டிலேயே தின்றது. மாத்திரையைப் பொடித்து டப்பாக் கறியின் குழம்பில் கலந்து ஏமாற்றப் பார்த்தார், அது மட்டும் நடக்கவில்லை. வாயைத் திறந்து அடிநாக்கில் போட்டுத் தொண்டையைத் தடவிவிடக் கற்றுக்கொண்டார். வாய்ப்புண் ஆறியது. நாற்றம் குறைந்தது. மயிரில் மினுமினுப்பு வந்தது. பங்குனியில் ஒரு நாள் கோமளம் கிணற்று மதில் மேல் ஏறி நின்று அணிலை மிரட்டியது. மாசிலாமணி பவுனம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மடம் முழுக்கப் போய்ச் சொன்னார். தலைகால் புரியவில்லை அவருக்கு.

"சரி பண்ணிட்டேன்" என்றார் அம்மாவிடம்.

அம்மா கோமளத்தின் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இந்த மாசம் ரத்தம் பாக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பாத்தா தெரிஞ்சிடும், கழிவு எவ்வளவு இறங்கியிருக்குன்னு" என்றார் மாசிலாமணி.

அடுத்த வாரம் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் கோமளத்துக்கு ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே திருச்சிக்குப் போனார். டாக்டர் ரெஜினா ரத்தத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ரத்தத்துல கழிவு கூடியிருக்கு சார்."

"கூடாதுங்க. நல்லா சாப்பிடுது. மதில் ஏறுது. மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன். நீங்க பாத்துக்கிட்டதாலதான் நல்லா இருக்கு. ஆனா கிட்னி இன்னும் கொஞ்சம் போயிருக்கு. இனிமேயும் போகும்."

"நான் எங்க தப்புப் பண்ணேன்?"

"எங்கயும் இல்ல சார்."

அந்தப் பதில்தான் அவரைச் சாய்த்துவிட்டது. தப்பு இருந்தால் திருத்தலாம். நட்டு லூசாக இருந்தால் முடுக்கலாம். எங்கேயும் தப்பில்லாமல் ஒரு வேலை எப்படித் தோற்கும்? திரும்பி வரும் வழியில் அவர் ஒரு ஊர்ப் பெயரும் சொல்லவில்லை.

மடத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அம்மா சமையல்கட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணி கூடையைத் திறந்துவிட்டார். கோமளம் இறங்கி, சோம்பல் முறித்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது. புதிதாக வாங்கி வந்த டிரிப்ஸ் பைகளை மாசிலாமணி தரையில் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்று சொல்லலாம்.

"கூடியிருக்காம்மா. இனிமேயும் கூடுமாம்."

அம்மா காயை நறுக்கினார்.

"முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்திருக்கேன். ஆகாதுன்னு தெரிஞ்ச வண்டியைத் தொடமாட்டேன். ஓரங்கட்டிட்டு அடுத்ததைப் பாப்பேன். இது ஆகாத வேலை. ஊசியும் மருந்தும் எல்லாம் வீண். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. விட்டுடவா?"

"இன்னைக்கு எப்படி இருக்கா?"

"அதான் சொன்னேனே. கூடியிருக்குன்னு."

"அது கிட்னி. நான் கோமளத்தைக் கேட்டேன்."

மாசிலாமணி எரிச்சலோடுதான் ஆரம்பித்தார். "காலைல கறியை முழுசா திங்கல. குழம்பை மட்டும் நக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் நான் தள்ளி வந்ததும் திரும்பி வந்து தின்னுச்சு. பாக்காத மாதிரி இருந்தா திங்கும். வெயில்ல படுத்து மூஞ்சி கழுவுனா. வலது பக்கம் ஒழுங்கா, இடது பக்கம் பேருக்கு. எப்பவும் அப்படித்தான். குமட்டல் இல்ல. குமட்டுனா உதட்டை நக்கிக்கிட்டே இருப்பா, இன்னைக்கு அது இல்ல. மூத்திரம் ரெண்டு தடவை போனா. பஸ்ஸுல கத்தவேயில்ல..."

நிறுத்தினார்.

"ம்" என்றார் அம்மா.

"வர்ற வழியில கூடை ஓட்டை வழியா கையை நீட்டுனா. என் விரலைப் பிடிச்சுக்கிட்டா. நகத்தை வெளிய நீட்டாம. துறையூர் வர்ற வரைக்கும் விடல."

மாசிலாமணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சர்வீஸில் கை நசுங்கியபோதுகூட அழாதவர்.

"என்னை நம்புறாம்மா. அதான் தாங்க முடியல. இவன் காப்பாத்திடுவான்னு நம்பிக்கிட்டிருக்கா. என்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தினமும் ஊசியோட போயி நிக்கிறேன். அன்னைக்குத் தட்டை எடுத்தது தெரியாம செஞ்சது. இது தெரிஞ்சே பண்ற ஏமாத்து இல்லையா? நீங்க சொல்லுங்க."

அம்மா அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தார். தொட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமளம் தண்ணீர் குடித்து முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தது. தரையில் கிடந்த பைகளை முகர்ந்தது. பெஞ்சின் கீழே வந்து நின்று மேலே பார்த்தது. ஒரு தடவை எம்பி, எட்டாமல், கீழே உட்கார்ந்தது. மாசிலாமணி தூக்கிவிடக் கையை நீட்டினார். அம்மா வேண்டாம் என்று தலையை அசைத்தார். கோமளம் பின்னங்கால்களை நன்றாகக் குறுக்கி மறுபடி எம்பியது. ஏறிவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி, அவர்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி, தோளைத் தளர்த்தி, தலையைக் குனிந்து உட்கார்ந்தது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் பிடிக்கவில்லை.

மாசிலாமணி அந்தச் சின்ன முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பாத்துவீங்கன்னு அவ நம்பலைண்ணே" என்றார் அம்மா. "சாயங்காலமானா வருவீங்கன்னு நம்புறா."

மாசிலாமணி கீழே கிடந்த பைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கை கழுவப் போனார்.